ஸாஜிதா அக்கா நம்பித் தந்த இரண்டு லப்டொப்கள்

ஸாஜிதா அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்று எத்தனை நாளாக நினைத்திருப்பேன்! அவருடைய ஊர் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்று. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, கல்யாணம் முடித்து வவுனியாவுக்கு வந்தவர். 2004இல் பஜாருக்குள் ஒரு கணினிக் கடையில் வேலை செய்தார். அங்கேதான் நான் அவரைச் சந்தித்தேன்.

நெளுக்குளத்தில் எங்கள் நாடகக் குழுவில் நாங்கள் நான்கு பேர். மீள்குடியேறும் ஊர்களில் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவதற்கு, மிதிவெடி பற்றி ஓர் ஒலி நாடகம் செய்து தரும்படி ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. பத்து நாள் தவணை. "அந்தப் பக்கம் போகாதே" என்ற சொல் இரைச்சலில் அமுங்கி ஒரு பிள்ளைக்கு விளங்காமல் போனால்? அந்தப் பயம்தான் எனக்கு. குழு சேர்த்து வைத்த காசு ஒரே ஒரு லப்டொப்புக்குத்தான் காணும். பிழையானதை வாங்கினால் நாடகமே இல்லை.

கடையில் வெள்ளி நிறத்தில் புத்தம் புதியது ஒன்று இருந்தது. ஒரு பாட்டைப் போட்டேன். கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. அவ்வளவுதான், அந்தச் சத்தத்தில் நான் மயங்கிவிட்டேன்!

"இதுக்கு மேல கொழும்பிலயும் இல்லைப் பிள்ளை," என்றார் முதலாளி சிவராசா.

ஸாஜிதா அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "தங்கச்சி, பாட்டுக் கேக்கவோ வாங்கிறீங்கள்?"

"இல்லையக்கா. நாடகம் பதியிறதுக்கு."

"அப்ப பதிஞ்செல்லோ பாக்கோணும்." உள்ளே போய், மூலை உடைந்த பழைய கறுப்பு லப்டொப் ஒன்றையும் எடுத்து வந்தார். "ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கட வேலையைச் செய்து பாருங்கோ. நாளைக்குக் கொண்டு வாங்கோ."

"ஸாஜிதா! இதென்ன, வாடகைச் சைக்கிளோ?" சிவராசா அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"திரும்பி வராட்டி என்ர சம்பளத்தில பிடியுங்கோ அண்ணை."

நான் யாரென்றே அவருக்குத் தெரியாது! ஏனக்கா என்று கேட்டேன். வயரைச் சுருட்டியபடியே சொன்னார்:

"புத்தளத்தில உம்மா ஒரு தையல் மெசின் வாங்கினவா. கடைக்காரன் மெல்லிசுத் துணியில தைச்சுக் காட்டினவன், பூ மாதிரி ஓடிச்சுது. எங்களுக்கு வாற ஓடர் எல்லாம் பள்ளிக்கூடப் பை. தடிச்ச துணி வைச்சோடன ஊசி முறியும். ஒரு வருசம் உம்மா கையாலதான் பை தைச்சவா."

வீட்டில், மகன் மிதிவெடிக்குக் கிட்டப் போய்விடும் முக்கியமான காட்சியையே பதிந்தோம். வெள்ளி நிற லப்டொப்பில் சார்ஜரைச் செருகியதும் குரலுக்கு அடியில் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். கழற்றினால் அரை மணித்தியாலத்தில் பற்றரி முடிந்தது. தாய் மெதுவாக, "அசையாத மகன், அப்பிடியே நில்லு" என்று சொல்லும் இடத்தில் உள்ளே விசிறி வேறு இரையத் தொடங்கியது. கறுப்பு லப்டொப் இயங்கத் தொடங்கவே ஐந்து நிமிடம் எடுத்தது. ஆனால் நான்கு குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் தடக்கவில்லை. சார்ஜரோடும் சத்தமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் நாள் அந்த வெள்ளியைத்தானே வாங்கப் போனேன்!

அடுத்த நாள் கடை திறக்குமுன்பே போய்விட்டேன். சிவராசா அண்ணை வாசலில் நின்றார். இரண்டு பதிவையும் ஹெட்போனில் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"பழசுக்கு உத்தரவாதம் இல்லைப் பிள்ளை."

"பரவாயில்லை அண்ணை. கறுப்பைத் தாங்கோ."

அவர் ஸாஜிதா அக்காவைப் பார்த்தார். "இவா இப்பிடியே யாவாரம் செய்தால் நான் கடலை விக்கத்தான் போகோணும்."

"நல்ல கடலை எண்டால் சனம் வரும் அண்ணை," என்றார் அக்கா. சிவராசா அண்ணையே சிரித்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் நாடகம் முடிந்தது. ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டியதும், முதலில் அந்தக் கடைக்கு எதிரில் நிறுத்திப் போட்டோம். பஸ் ஹோர்ன், மீன்காரரின் கூவல், எல்லாவற்றுக்கும் நடுவே தாயின் குரல் கேட்டது. ஸாஜிதா அக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி தெருவின் மறுகரைக்குப் போனார். இன்னும் தள்ளி, வங்கி மூலை வரைக்கும் போய் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு திரும்பி வந்தார்.

"ஒரு சொல்லும் விடாமல் விளங்குது தங்கச்சி. ஊருகளுக்குக் கொண்டு போங்கோ."