கேட்காமல் கொடுத்த கருத்து

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் சட்டம் கற்பித்துக்கொண்டு செங்கல்பட்டில் குடியிருந்தேன். முஸ்லிம் தனிச்சட்டமும் அரசியல் சாசனச் சீர்திருத்தமும் என் பாடம். நாட்டுக்கு ஒரே குடிமைச் சட்டம் வேண்டுமா, இருக்கிற ஷரீஅத்தை உள்ளிருந்தே திருத்தினால் போதுமா என்று, ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கட்டுரை எழுதுவேன். கிடைக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் வாதாடுவேன். தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் சுள்ளென்று விழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்திலிருந்து அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அண்ணன் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். தங்கையைக் கணவன் தலாக் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது. செய்யூரில் இருந்த அவன், பதின்மூன்று வயது மகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தான். ஒரே பெண். அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெண் வயதுக்கு வந்துவிட்டாளா? வந்துவிட்டாள் என்றார் அந்த அம்மா. அப்படியானால் தாயின் உரிமை முடிந்தது, இனித் தகப்பனிடம்தான் இருக்க வேண்டும் என்றேன். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார் என்று அண்ணன் இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தடித்த புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். சட்டமே அப்படி என்றால் கோர்ட்டுக்கு எதற்கு அலைவது என்று, அடுத்த வாரமே பெண்ணைச் செய்யூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அண்ணன் மட்டும் வந்தார். பார்க்கப் போனால் பெண் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை, ஏதாவது வழி உண்டா என்றார். இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தொழ வேண்டும், கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் வேண்டும் என்றார். மணி மூன்றே முக்கால்கூட ஆகவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றேன்.

"ஒங்களுக்கு இருக்கும் சார். நாங்க ஷாஃபி. எங்களுக்கு அப்பவே ஆயிட்சி."

தூக்கிவாரிப் போட்டது. சுன்னிகளுக்கு மத்ஹப் என்று நான்கு சட்ட மரபுகள் உண்டு என்பதைத்தான் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்கிறேன். எங்கள் வீடு ஹனஃபி; ஷாஃபிகளுக்கு அஸர் நேரம் எங்களுக்கு முன்பே வந்துவிடும். வந்தவர்கள் எந்த மத்ஹப் என்று கேட்கத் தோன்றவே இல்லை; நம்மைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். ஹனஃபி சட்டப்படி நான் சொன்னது சரி. ஷாஃபி சட்டப்படி, விவரம் தெரிந்த பிள்ளையைக் கேட்க வேண்டும். தாயா தகப்பனா என்று பிள்ளையே சொல்லலாம். சே, ஒரு மாணவன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

அவர் தொழுது முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. புதிதாக ஒரு வழி தெரிகிறது, மனுப் போடலாம் என்று மட்டும் சொன்னேன். தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்து, மனுவை நானே எழுதிக் கொடுத்தேன்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் நீதிபதி பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாவும் நானும் வராந்தாவில் நின்றோம். வக்கீல் வெளியே வந்து பெண் சொன்னதை அப்படியே சொன்னார்.

"உம்மாதான என்னிய வாணாம்னு அனுப்பிச்சது. நான் வாப்பாகிட்டயே இருந்துக்கறேன்."

அந்த அம்மா அழவில்லை. சட்டம்தானே அனுப்பச் சொன்னது, நான் எங்கே வேண்டாம் என்றேன் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சட்டம் சொல்லவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"அத எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போது? அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

ஓடினேன். பஸ் நிலையத்தில் செய்யூர் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உங்க உம்மா மேல தப்பில்லம்மா, உன்னை அனுப்பச் சொன்னது நான்தான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு?" என்றாள்.