பேர் போடாத வண்டி

ரத்தினபாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வடையைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த அம்மாவின் குணத்தைவிட வடை மேல். குணம் கொஞ்சம் காரம். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்பவனை அவன் பரம்பரையோடு சேர்த்து விசாரிப்பார். ஆனாலும் கிழக்கு தாம்பரத்தில் எங்கள் தெரு முனையில், காலை ரயிலுக்கு ஓடுகிறவர்களும் சிறுசேரி கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் பதினைந்து வருஷமாக அந்தத் திட்டையும் சேர்த்து வாங்கித் தின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

புருஷன் பெயின்டராக இருந்தார். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்தார். கால் சரியாகிவிட்டது, ஆனால் ஏணியையும் வேலையையும் ஒரே நாளில் விட்டவர் மறுபடி இரண்டையும் தொடவில்லை. மகள் வினிதா நர்சிங் படிக்கிறாள். ஆக, அந்தக் குடும்பம் முழுவதும் ஒரு எண்ணெய்ச் சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. சட்டி இருந்தது ஒரு பழைய தள்ளுவண்டியில். ஒரு சக்கரம் கோணல், ஆனால் அவர் வீட்டுக் குறுகலான சந்துக்குள் சுளுவாக நுழையும். தினமும் வியாபாரம் முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் சங்கிலி போட்டு வைப்பார்.

இந்த லட்சணத்தில் நன்றாகவே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையை முன்னேற்ற நாங்கள் முடிவு செய்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒன்று, உள்ளாட்சி அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எல்லா ஊரிலும் அது ஒன்றுதான். இரண்டு, சமூக சேவைக்கென்று ஒதுக்கிய பணத்தை மார்ச் மாதத்துக்குள் செலவழித்தாக வேண்டிய ஒரு சாப்ட்வேர் கம்பெனி. மூன்று, எங்கள் பசுஞ்சோலை அபார்ட்மென்ட் குடியிருப்போர் நலச் சங்கம். சோலை எதுவும் கிடையாது, இருந்ததை வெட்டித்தான் கட்டிடம் வந்தது. சங்கத்துக்குச் செயலாளர் ராஜகோபால் சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். துணைத் தலைவர் நான். தலைவர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கும்போது அவர் நாற்காலி காலியாகத் தெரியக் கூடாது என்பதுதான் என் பொறுப்பு.

திட்டத்தின் பெயர் ‘வறுமை இல்லா வார்டு’. வார்டில் வறுமையோடு யார் இருக்கிறார்கள் என்று தேடியபோது எல்லோருக்கும் உடனே ஞாபகம் வந்தவர் ரத்தினபாய். தினமும் அவர் கையால் தின்கிறோமே. அவருக்கு எவர்சில்வரில் புது வண்டி தருவது என்று முடிவாயிற்று.

வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று கூட்டம் போட்டோம். மூன்றிலும் பேசியது ஒரே விஷயம்தான். மூன்று தரப்பின் பேரும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். எங்கள் சங்கத்தின் பேர் நீளம். சுருக்கச் சொன்னபோது ராஜகோபால் சார் மேஜையைத் தட்டி, “ரெஜிஸ்டர்டு நேம் சார், ஒரு எழுத்தைக்கூட விட முடியாது” என்றார். பேரைச் சுருக்க முடியாததால் வண்டியை அகலமாக்கினார்கள்.

விழா நடத்தி, ரிப்பன் வெட்டி, சாவி கொடுத்தோம். தள்ளுவண்டிக்குச் சாவி எதற்கு என்று கேட்காதீர்கள், போட்டோவில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ரத்தினபாய்க்கும் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பழைய வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, புது வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். சந்து வாசலில் வண்டி நின்றுவிட்டது. நேராகத் தள்ளினார்கள், பக்கவாட்டில் திருப்பினார்கள், புருஷன் கொஞ்சம் தூக்கிக்கூடப் பார்த்தார். எங்கள் சங்கத்தின் பேர் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை.

“அளந்து பாத்து வாங்கியிருக்கலாமே” என்று மறுநாள் கேட்டேன்.

“தானம் குட்த்த மாட்டைப் பல்லப் புட்சிப் பாப்பாங்களா சார்?” என்றார் ரத்தினபாய்.

வேறு வழியில்லாமல் வண்டியைத் தெரு முனையிலேயே தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்தார்.

இங்கே ராஜகோபால் சாரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் காபி குடித்ததும் தெருவில் இறங்கி, நடைபாதையில் எது நின்றாலும் போட்டோ எடுத்து, ஆக்கிரமிப்பு என்று செல்போனில் புகார் போடுவார். பல் விளக்குகிற மாதிரிதான், நினைத்துச் செய்வதில்லை. அந்தத் திங்கட்கிழமையும் போட்டார். அவர் எடுத்த போட்டோவில் தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் சங்கத்தின் பேர் ஒரு எழுத்துகூட விடாமல் தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. அலுவலகத்திலும் யாரும் பார்க்காமல் ராத்திரியே லாரியை அனுப்பிவிட்டார்கள்; பழைய வண்டி ராத்திரியில் வீட்டு வாசலில் இருந்ததால் இதுவரை தப்பித்திருந்தது.

மறுநாள் காலை ரத்தினபாய் மாவுக் குண்டானோடு வந்தபோது முனை காலியாக இருந்தது.

ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குப் போனார். வண்டி கொடுத்தவர்கள் மாடியில் இருந்தார்கள், பிடித்தவர்கள் கீழே இருந்தார்கள். நடுவில் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க அதில் ஏறி இறங்கும் வழக்கமில்லை. மாடியில், “நாங்க குடுத்தாச்சே” என்றார்கள். கீழே, “மேல இருந்து சொல்லட்டும்” என்றார்கள். இப்படியே வாரங்கள் ஓடின. அதற்குள் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் தானும் வடை போட ஆரம்பித்தார். கல்லு மாதிரி வடை. ஆனால் ரயிலுக்கு ஓடுகிறவனுக்குப் பசி, அவன் கல்லையும் தின்பான். இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்த முனையையும் ஆட்களையும் ரத்தினபாய் மறந்துவிட வேண்டியதுதான். வினிதா லீவு போட்டுவிட்டு ஜவுளிக் கடையில் நிற்க ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் மூன்று தரப்பின் மேலும் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் கம்பெனியின் பெரிய தலைகள், திட்டத்தால் முன்னேறிய பெண்ணை நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முன்னேறிய பெண் இருந்தார், வண்டிதான் இல்லை. கொடுத்தவர்கள் முதல்முறையாகப் படிக்கட்டில் இறங்கினார்கள்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு போன அதே லாரி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. டிரைவர் முஸ்தபா, ரத்தினபாயிடம் வடை தின்று வளர்ந்தவர். இறக்கும்போதே சொல்லிவிட்டார்.

“அக்கா, சந்தோசப்படாத. பங்சன் முட்சதும் மறுபடி ஏத்திகினு வரச் சொல்லிக்கீறாங்க. வண்டிய உடுறதுக்குக் கையெழுத்து இன்னும் ஆவலையாம்.”

“இன்னா பேஜாருப்பா இது” என்ற ரத்தினபாய் வண்டியின் அடுப்பைத் துடைத்தார். “அடுப்பு எரிஞ்சிகினு இருந்தா ஏத்துவியா?”

“எண்ணெ கொதிக்கிறப்ப எப்டிக்கா ஏத்துறது? ரூல்லயே கூடாது” என்ற முஸ்தபா சிரித்தார்.

ரத்தினபாய் வினிதாவை அனுப்பி வீட்டிலிருந்து சிலிண்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

பந்தல், நாற்காலி, மைக், சால்வை எல்லாம் வந்தன. பின்னாலேயே வடை வாசனையும் வந்தது. சொற்பொழிவுகளை யாரும் கேட்கவில்லை. கம்பெனியின் பெரியவர் மூன்றாவது வடையோடு மைக்கை ரத்தினபாயிடம் நீட்டி, “இந்த வண்டியால உங்க வாழ்க்கை எப்படி மாறிச்சு, சொல்லுங்கம்மா” என்றார்.

ராஜகோபால் சார் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வண்டி நல்லாதான் கீது சார்” என்று ஆரம்பித்தார் ரத்தினபாய். “ஆனா என் வூட்டு சந்துல பூராது. ரோட்ல உட்டா லாரி தூக்கிகினு பூடுது. நானும் ரோசன பண்ணேன். இதுல ஆபீஸ் பேரு கீது, கம்பெனி பேரு கீது, தோ உக்காந்துகினு கீறாரே, அந்த சாரு சங்கத்துப் பேரும் பெருசா கீது. என் பேரு எங்கனா கீதா? இல்ல. அப்ப இது உங்க வண்டிதான சார். உங்க வண்டிய உங்க அபார்ட்மென்ட் கேட்டுக்குள்ள நிறுத்திக்கங்க. கேட்டும் பெருசாதான் கீது. காலைல நான் வந்து எட்த்துகினு போறேன்.”

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. துணைத் தலைவர் விசிலடிக்கலாமா என்று விதிகளில் இல்லாததால் கைதட்டினேன். பஸ்ஸுக்கு நின்றவர்களும் தட்டினார்கள். ராஜகோபால் சார் சுற்றிப் பார்த்தார். அலுவலகத்து ஆட்கள் அவரைப் பார்த்தார்கள், கம்பெனிக்காரர்களும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“விசிட்டர்ஸ் பார்க்கிங்ல... ஒரு ஓரமா... ப்ராப்ளம் இல்லை” என்றார்.

அவர் எழுந்து நின்று சொன்னது, அதுவும் மைக்கில் சொன்னது. இனி மாற்ற முடியாது. மூன்று மாதமாக நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம் அந்த ஒரு வாக்கியம்தான். எண்ணெய் ஆறும்வரை முஸ்தபா காத்திருந்தார், பிறகு லாரியில் ஏற்றாமல் தானே எங்கள் கேட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய் விட்டார். கையெழுத்தும் அந்த வாரமே ஆயிற்று.

இப்போது காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விடுகிறார். வினிதா காலேஜுக்குப் போகிறாள். எதிர்ச்சாரியில் டீ மட்டும் போடுகிறார்கள். ராஜகோபால் சார் தினமும் இரண்டு வடை, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டுத் திட்டும் வாங்குகிறார்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து, நடந்த தவறுக்கு வருந்துவதாகவும், வண்டியில் ரத்தினபாயின் பேரையே பெரிதாக எழுதித் தருவதாகவும் சொன்னாள். நல்ல பெண், மனதாரத்தான் கேட்டாள். ரத்தினபாய் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே தலையாட்டி மறுத்தார்.

“வேணாம்மா. என் பேர போட்டா வெளிய நிறுத்தச் சொல்லிடுவாங்க.”