ஏலம் போன புத்தகக் கட்டு

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் கிடக்கிறது. ஒரு பக்கம் பனியன் பெட்டியில் ஒட்டுகிற பச்சைக்கிளி லேபிள், சாயம் விலகி இரட்டையாக விழுந்தது. மறுபக்கம் ஒரு கதை. ஓரத்தில் யாரோ ஒருத்தியின் எண்ணெய் விரல் தடம். அறுபதுகளில் திருப்பூரில் லேபிள் அடிக்கிற அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் நான். அந்தத் தாளைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

கதை உபதேசியாரம்மா எழுதியது. எங்கள் கிறிஸ்தவ சபையில் வேதம் சொல்லும் உபதேசியாரின் மனைவி. பகலில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவார். கூட வெட்டுகிற பெண்களுக்காக, அவர்கள் பேச்சிலேயே எழுதினார். எழுதியதை வேலைக்கு நடுவே அவர்களிடமே சொல்லிப் பார்ப்பார். “கேக்கறவ கத்திரிய நிறுத்தோணுமுங்க. அவ நிறுத்தலீன்னா அந்த வரிய நான் நிறுத்தீருவேன்” என்பார். விற்பதற்கும் வழி வைத்திருந்தார்: சோறு கொண்டுபோகிற தூக்குப்போசிப் பைக்குள் அடங்குகிற அளவு, ஒரு பன்னு விலை, கம்பெனி வாசல் பூக்காரியின் கூடை ஓரம். “புஸ்தகம் அவிய போற வழியில நிக்கோணுமுங்க.” எழுத வருகிறவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

அச்சுச் செலவு சபையுடையது; ஆகவே கையெழுத்துப் படி சபைச் செயலாளரிடம் போனது. அவர் திருத்தி அனுப்பியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கோத்தேன். கதையில் வரும் ராசாத்தி ‘அபலைப் பெண்’ ஆகியிருந்தாள். “ஏனுங்க சாமி, எம்பட பசி உங்களுக்குத் தெரியலீங்களா” என்று அவள் அழும் இடத்தில், ‘கிருபாசனத்தண்டை விண்ணப்பம் ஏறெடுத்தாள்’ என்று இருந்தது. கதையைவிட நீளமாகச் செயலாளரின் முன்னுரை. கம்பெனி வாசலில் விற்கவும் கூடாதாம். தேவ காரியம் பூக்கூடையோடு உட்காருமா என்று கேட்டார்.

அறுப்புப் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த பூசணியையும் கோழியையும் ஏலம் விட்ட கையோடு, சணல் கட்டிய மொத்தப் புத்தகத்தையும் தூக்கி வைத்தார் செயலாளர். பூசணி கைவிட்டுப் போன ரோசத்தில் பொங்கலூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் ஏற்றிக் கேட்டு எடுத்தார். ஒரே கைதட்டல்.

“அத்தனையும் ஒரே நாள்ல வித்துப் போச்சுங்கம்மா” என்று செயலாளர் சிரித்தார்.

“வித்துதுங்க. படிக்கறது யாருங்க?”

அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் உபதேசியாரம்மா அச்சகத்துக்கு வந்து, கழித்துப் போட்ட லேபிள் தாள் கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி தலையாட்டினார். அம்மாவின் பழைய வரிகளை ஒன்றுவிடாமல் கோத்தேன். கிளிகளின் முதுகில் ராசாத்தி தன் பேச்சிலேயே அழுதாள். சாயங்காலம் பூக்கூடை ஓரத்தில் வைத்த கதைகள், பூ தீரும் முன்பே தீர்ந்தன. வாங்கிப் படித்த ஒருத்தி தன் தாளை அச்சகத்துக்கே கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, அடுத்த கதை எப்போது என்று கேட்டாள். அந்தத் தாள்தான் இது.

போன மாதம் ஒரு கிறிஸ்தவப் புத்தக வெளியீட்டுக்குப் போயிருந்தேன். பொன்னாடை, முன்னுரை, பாராட்டு. பெரிய மனிதர் ஒருவர் மொத்தமாக வாங்கினார். கட்டுகள் பிரியாமலே காரில் ஏறின. எழுதிய பெண் பூரித்துப்போய்க் கைகூப்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொங்கலூருக்குப் போன கட்டை, சணல்கூட அவிழ்க்காமலே, கரையான் தின்றதாகக் கேள்விப்பட்டவன் நான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை நகர்த்தித் தாளை எடுத்தேன். எண்ணெய் விரல் தடம், ‘எம்பட பசி’ என்ற வரிக்கு நேராக இருந்தது. அம்மா சொன்ன மாதிரியே, அந்த இடத்தில் ஒருத்தி நிறுத்தியிருக்கிறாள்.