அக்காவின் முதுகைப் படம் எடுக்கப் பம்பாய் போனோம்

மும்பைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் சிலர் வழி கேட்டு எழுதுகிறீர்கள். இன்றைய நிலவரம் சொல்ல என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது 1967இல் போன பயணம். அன்று ஊரின் பெயர் பம்பாய். எனக்கு இருபது வயது. திருநெல்வேலியைத் தாண்டி ரயிலேறியதே இல்லை.

அக்கா ஜெயசீலி பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். ஒரு வருடமாகவே அவளுக்கு நடக்க நடக்கக் கால் மரத்துப்போகும். மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் இடது காலை இழுக்க ஆரம்பிப்பாள். உட்கார்ந்தால் சரியாகிவிடும். அப்பா அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். எண்ணெய் போன்ற ஒரு மருந்தை முதுகுத்தண்டுக்குள் ஊசியால் ஏற்றிப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். உடம்பில் இல்லையென்றால் மனசில்தான் என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவாகிவிட்டது. வேலைக்குப் போக மனசில்லாமல் நடிக்கிறாள் என்றுகூடப் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு அக்கா தன் காலைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

தாராவியில் அரிசிக் கடை வைத்திருந்த பெரியப்பா மகன் தாசன் அண்ணன் ஊருக்கு வந்தபோது, அவள் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்தார். "நடிக்கிறவ ஆளில்லாத இடத்துல எதுக்குட்டி சுவரப் பிடிக்கா?" என்று என்னிடம் கேட்டார். அந்த வாரமே பயணம் முடிவானது.

மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு அன்றைக்கு ஒன்றரை நாள் ரயில். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ராய்ச்சூர் வரை தாங்கியது. அதற்குப் பிறகு பூரிதான். பூனாவில் கரி இஞ்சினைக் கழற்றி மின்சார இஞ்சினை மாட்டினார்கள். அங்கிருந்து பம்பாய் 192 கிலோமீட்டர். அதில் மலை இறங்குகிற பகுதி இருக்கிறதே, அதற்காக மட்டுமே இன்னொரு முறை போகலாம். ஒரு குகை முடிந்து கண் கூசும்; பள்ளத்தாக்கில் அருவி தெரியும்; அதற்குள் அடுத்த குகை. மழைக்காலத்தில் போனால் ஜன்னல் ஓரம் கட்டாயம் பிடியுங்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்து நாங்கள் இருவரும் கத்திக்கொண்டு வந்தோம்.

தாதரில் அண்ணன் காத்திருந்தார். "வந்துட்டியளா! சலோ, சலோ, டாக்ஸி நிக்கி!" தாராவி அங்கிருந்து நாலு கிலோமீட்டர்தான். அண்ணன் வீடு கடைக்கு மேலே; ஏறுவதற்கு மர ஏணி. அக்கா ஏணியைப் பார்த்தாள், அண்ணன் அவளைப் பார்த்தார். அரிசி மூட்டைகளை நகர்த்தி, கடைக்குள்ளேயே எங்களுக்குப் பாய் விரித்துவிட்டார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மராட்டி டாக்டரம்மா. கட்டைக் குரல், வேகமான ஆங்கிலம். நான் பி.யு.சி. படித்தவள் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அவர் மெட்ராஸ் படங்களை விளக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவை வராந்தாவில் நடக்கச் சொல்லி, தானும் கூடவே நடந்தார். இடது கால் இழுத்தது. உட்கார வைத்தார். சற்று நேரத்தில் கால் தெளிந்தது. மறுபடி நடக்க வைத்தார். மறுபடி இழுத்தது.

"இந்தப் படத்தை எப்படிப் படுக்க வைத்து எடுத்தார்கள், கேள்" என்றார்.

"குப்புறத்தான்" என்றாள் அக்கா. "முதுகுல ஊசி நின்னுச்சே, எப்படித் திரும்ப?"

எல்லா இடத்திலும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. குப்புறப் படுத்தால் கனமான அந்த மருந்து வயிற்றுப் பக்கமாகவே தேங்கிவிடும். நரம்புத்தண்டின் பின்பக்கத்தில் ஏதாவது இருந்தால் மருந்து அதைத் தொடவே தொடாது. மல்லாக்கப் படுக்க வைத்தும் பார்க்க வேண்டும் என்றார்.

இன்னொரு ஊசியா என்று அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் அங்கே முதலில் எடுத்த சாதாரண எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். மெட்ராஸில் ஏற்றிய மருந்தில் பாதி இன்னும் உள்ளேயே இருந்தது! "ஊசி வேண்டாம். இதுவே போதும்."

இருட்டறை. கண் இருட்டுக்குப் பழக டாக்டரம்மா சிவப்புக் கண்ணாடி போட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஈயக் கவசம் மாட்டி, அக்காவின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். தோளே இறங்கிவிடும் கனம். மல்லாக்கப் படுத்திருந்தவளை வாரால் கட்டினார்கள்.

"அக்கா, பயப்படாத. பலகையத் தலைப் பக்கமாச் சாய்க்கப் போறாவ."

பச்சையாக மினுங்கிய திரையில் மருந்து கறுப்பாக மெல்ல நகர்ந்தது. நடு முதுகுக்கு வந்தபோது அந்தக் கறுப்புக்குள் வெளிறிய கோடுகள் தெரிந்தன. மண்புழுக்கள் பின்னிக் கிடப்பதுபோல நெளிநெளியாக, நீளமாக.

"நிறுத்து! அப்படியே நிறுத்து!" டாக்டரம்மா கூவியேவிட்டார். "ரத்தக் குழாய்கள். இவ்வளவு தடியாக இங்கே இருக்கவே கூடாது."

"ஏட்டி, என்ன சொல்லுதாவ?"

"இருக்குக்கா. படத்துல இருக்கு. ரத்தக் குழாய் சுத்திக்கிட்டுக் கெடக்கு."

தலை கீழாகச் சாய்ந்து கிடந்தபடியே அக்கா சிரித்தாள். கண்ணீர் நெற்றிப் பக்கமாக வழிந்தது. "அப்பம் நான் நடிக்கலல்லா?"

என்ன சொன்னாள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். அவர் இருட்டில் தடவி வந்து அக்காவின் நெற்றியில் கை வைத்தார். "இல்லை என்று சொல். நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்."

பத்து நாளில் ஆப்பரேஷன் நடந்தது. கோளாறான குழாய்களைக் கட்டிவிட்டதாகவும், காலில் இழந்த பலம் முழுவதும் திரும்பாது, ஆனால் இனி மேலும் கெடாது என்றும் சொன்னார்கள். ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். ஏணி வீடும் கடைத் தரையும் இனி ஆகாது என்று அண்ணன் செம்பூரில் தரையோடு ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். அங்கே அக்கா கைத்தடியோடு மறுபடி நடை பழகினாள். டிரில் டீச்சர் அல்லவா, தனக்குத்தானே லெஃப்ட், ரைட் சொல்லிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவுக்குப் போய்க் காப்பி. பம்பாயில் நம் காப்பி வேண்டுமென்றால் இன்றும் அங்கேதான் போக வேண்டும்.

போகிறவர்களுக்கு என் யோசனை: பழைய படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள், அவற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும். இன்று எவ்வளவோ நல்ல கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் இந்த வியாதி இன்னும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்கிறார்கள். நடந்தால் கூடுகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மொழி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். அந்த ஒருவர் நோயாளியை நம்புகிறவராக இருப்பது அதைவிட முக்கியம்.

நேரம் கிடைத்தால் சயான் கோட்டைக் குன்றுக்குப் போய்வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அக்கா அங்கே ஏற வேண்டும் என்றாள். அண்ணன் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனார். "விடுங்கண்ணே" என்று தடியை ஊன்றி அவளே ஏறினாள். இடது கால் கொஞ்சம் சுணங்கியது, நிற்கவில்லை. மேலே உப்பளங்களும் கழிமுகமும் வெயிலில் மின்னின. நான் பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். "என்னட்டி, ஏறலியா?" என்று உச்சியிலிருந்து அவள் குரல் கேட்டது.