கேட்காமல் உருக்கிய வெள்ளித் தட்டு

என் மனைவி கோமதி பிறந்த வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது ஒரு பழைய வெள்ளித் தட்டு. விளிம்பு முழுக்க ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கும். கறுத்துப்போய் அலமாரியில் சும்மா கிடக்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

போன தையில் அவள் பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தட்டைக் கடலூரில் தெரிந்த பத்தரிடம் கொடுத்து, உருக்கி ஆறு டம்ளர்கள் செய்யச் சொன்னேன்.

“நல்ல வேலைப்பாடு சார். வீட்ல கேட்டுட்டீங்களா?” என்றார் பத்தர்.

“அவுங்களுக்குத்தான் செய்யறேன்” என்றேன்.

பாசஞ்சர் ரயிலில் குழந்தையோடு வீடு வந்து சேர்ந்தவள் முன் டம்ளர்களைப் பெருமையாக அடுக்கினேன். விஷயம் தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கம்மா அந்தத் தட்டுல அனுமாரைக் காட்டிக் காட்டித்தான் சோறு ஊட்டுவாங்க. அவுங்க மொகம்கூட எனக்கு மறந்துபோச்சு. அது ஒண்ணுதான் ஞாபகம் இருந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

அவள் ஆறு வயதில் தாயை இழந்தவள் என்பது எனக்குத் தெரியும். தட்டைப் பற்றி மட்டும் நான் கேட்டதே இல்லை.

இப்போதெல்லாம் அவளுடைய ஓட்டை டப்பாவைத் தூக்கிப் போடுவதானாலும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். “ஒங்க இஷ்டம்” என்கிறாள்.