கோங் யான்லிங் சாத்தச் சொன்ன ஜன்னல்

நவம்பரில் சீனாவின் தாலியன் நகரம் முழுக்க, குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களில் சூடு வந்த அன்று, எங்கள் ஆய்வுக்கூடத்தில் சந்தோஷப்படாதவள் கோங் யான்லிங் ஒருத்திதான். குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே தன் மேசைக்குப் போனாள்.

அவள் செய்தது கப்பல் ரேடாருக்கான டிவைடர். மைக்ரோவேவ் சிக்னலை இரண்டாகப் பிரித்து அனுப்பும் உள்ளங்கையளவுப் பலகை. எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும், எவ்வளவு தாமதித்துப் போக வேண்டும் என்பதை மின்னழுத்தத்தை மாற்றியே சரிசெய்யலாம். சொல்வது சுலபம். பங்கை மாற்றினால் தாமதமும் கூடவே நழுவும். இரண்டையும் தனித்தனியே வசப்படுத்த அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இடையில் கணவன் ஷென்யாங் நகருக்கு மாற்றலாகிப் போனான், இவள் போகவில்லை.

இப்போது அறை சூடானதும் பலகையின் டயோடுகள் குணம் மாறி, தாமதம் மறுபடி தடுமாறியது. மறுநாள் பலகையைப் பார்க்கக் கப்பல் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

"அக்கா, ஜன்னலைத் திறந்து வச்சிருவோம்," என்றான் லுவான் பிங், எங்கள் குழுவின் வாயாடி. "கேட்டா, பூண்டு சாப்பிட்டோம், நாத்தம் போகட்டும்னு சொல்லிக்கலாம்."

"உன் வாய்க்கு ஒரு ஜன்னல் பத்தாதுடா."

ஆனாலும் மறுநாள் காலை அவளே ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

கடல்காற்றில் அறை குளிர்ந்து, அளவுக்கருவியின் திரையில் தாமதத்தைக் காட்டும் கோடு அசையாமல் நின்றது. கம்பெனிப் பொறியாளர் டோங் திருப்தியாகத் தலையாட்டினார். கைகளைத் தேய்த்துக்கொண்டே, "என்னம்மா, இங்கே இன்னும் சூடு வரலியா?" என்று சும்மாதான் கேட்டார்.

யான்லிங் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வந்திருச்சு சார். பிங், ஜன்னலைச் சாத்து."

"அக்கா..."

"சாத்துடா."

தேநீர் குடித்தபடி காத்திருந்தோம். கோடு மெல்ல விலகியது.

"கப்பல் தெற்கே போனா?" என்றார் டோங்.

"இதைவிட மோசமாகும் சார்."

ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. எங்கள் தலைவர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிராமுக்குக் காத்திருந்தபோது ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவர் கேக்காமப் போயிருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல," என்றாள்.

சூட்டை உணர்ந்து மின்னழுத்தத்தைத் தானே திருத்தும் சின்ன உறுப்பு ஒன்றைப் பலகையில் சேர்த்தாள். குளிர்காலம் முழுக்க அதைச் சூட்டுப்பெட்டியிலும் வெளிப் பனியிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தாள். ஏப்ரலில் டோங் திரும்பி வந்தபோது சூட்டுப்பெட்டிக்குள்ளும் கோடு அசையவில்லை. முன்பு பேசியதில் பாதிக்குத்தான் ஆர்டர். அதற்கே நாங்கள் சுட்ட சிப்பி சாப்பிடக் கிளம்பினோம். யான்லிங்குக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.