பெட்டிக்குள் போன தலையணைகள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பான். கனமூலை ஊரில் மாமியின் வீட்டில் என்னுடையது என்று சொல்ல, விருந்தாளிகள் உட்காரும் ஹோலின் ஒரு மூலை மட்டுமே இருந்தது. அந்த மூலையில், பாலாவிப் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை நிறுத்தினேன். தேக்குப் பலகை, இடுப்பளவு உயரம். பாட்டைப் போட்டதும் பாடகர் கிணற்றுக்குள் விழுந்து உதவி கேட்பது போல இருந்தது.

பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய பஞ்சை எலிகள் குடும்பத்தோடு காலி செய்திருந்தன. வெறும் பெட்டிக்குள் சத்தம் பலகையில் மோதித் திரும்பி வந்து பாட்டைக் குழப்பியது.

மாமிக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

"மருமகன், சின்னவளப் பாக்க வெள்ளிக்கிழம மாப்பிள்ள வீட்டாக்கள் வாறாங்க. அதுக்குள்ள உங்கட பொட்டி ரெண்டும் ஒழுங்காக் கதைக்கணும். இல்லாட்டி ஆட்டுக் கூட்டுக்குப் போகணும்."

எனக்குக் கோபம் வந்தது. மூலையும் போனால் அந்த வீட்டில் நான் வெறும் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

தென்னைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் முதலில் ஒரு சாக்குத் தேங்காய்த் தும்பைத் திணித்தேன். தும்மல் வந்தது, சத்தம் திருந்தவில்லை. அப்போதுதான் அலுமாரி ஞாபகம் வந்தது. புது மாப்பிள்ளைக்கென்று மாமி இலவம் பஞ்சு அடைத்துத் தைத்த தலையணைகள் அதில் இருந்தன. இரண்டைப் பிரித்துப் பஞ்சை எடுத்தேன். உறை இளைக்காமலிருக்க, அந்தத் தும்பையே அதற்குள் அடைத்துத் தைத்துவிட்டேன். மூளை வேலை செய்கிறதென்று பெருமை வேறு.

பஞ்சைக் கட்டிலுக்கு மேல் கட்டும் நுளம்பு வலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். முதலில் பேராசைப்பட்டு முழுவதையும் திணித்ததில் பாடகருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தது. பாதியை உருவி எடுத்ததும், பாடுவதற்கு முன் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி தலையை நீட்டினார்.

"இப்பதான் மனிசன் பாடுற மாதிரி இரிக்கி. அங்கேயே இரிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா, வழக்கப்படி, மாப்பிள்ளை அறையைப் பார்க்க வந்தார். கட்டிலில் அடுக்கியிருந்த தலையணைகளில் மேலிருந்ததை அழுத்திப் பார்த்தார். அது சரசரத்தது. அடுத்ததையும் அழுத்தினார். அதுவும் சரசரத்தது.

"என்ன தாத்தா, தும்பு மாதிரி இரிக்கி?" என்று மாமியை அக்கா முறை வைத்துக் கேட்டார்.

மாமி கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு என் மூலையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. சம்பந்தம் முறிந்தால் குற்றவாளி நான்தான்.

"அது மூத்த மருமகன்ட தலகாணி," என்றார் மாமி, சிரித்துக்கொண்டே. "அவருக்கு மெத்துன்னு இருந்தாப் பிடிக்காது. பிள்ளைகள் மாத்தி வச்சிட்டாங்க. புது மாப்பிள்ளைட தலகாணி அலுமாரில இரிக்கி."

அந்த நிமிடம் அவர் காலில் விழுந்திருப்பேன். வெளியாட்களுக்கு முன் என்னை விட்டுக்கொடுக்கவில்லை அந்த மனுஷி. சம்பந்தமும் நிலைத்தது.

விருந்தாளிகள் போனதும் அந்த இரண்டு தலையணைகளையும் தானே தூக்கிவந்து என் கட்டிலில் வைத்தார். மாற்றித் தா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

மூலை என்னுடையதாகவே இருக்கிறது. பாட்டும் அருமையாகக் கேட்கிறது. வலப்பக்கப் பெட்டியைப் பார்க்கத்தான் கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது.